திங்கள் காலை வரை

எங்கள் பணத்துக்குப் பெயர் குவாச்சா: 'விடிந்தது'.
சில்லறைக்குப் பெயர் தம்பலா: 'சேவல்'.
நூறு சேவல் கூவினால் ஒரு விடியல் என்று
விடுதலை பெற்ற புதிதில் யாரோ
கவிதையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது சேவல்களைக்
கடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள்.
இப்போது யாரும் வாங்குவதில்லை.

லிலோங்வேயில், அரசு அலுவலகக் குன்றின் மேல்
இருபத்திரண்டு வருடம்.
ஆறு நிதியமைச்சர்கள்.
கதவில் பெயர்ப்பலகை மாறும், திருகாணிகள் அதேதான்.
ஒருவர் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார்.
இன்னொருவர் எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுத்
தேவாலயத்து மூப்பரைக் கேட்டு முடிவெடுப்பார்.
மூன்றாமவர் அந்த வெள்ளிக்கிழமை
கதவைத் தாழிட்டுவிட்டுக் கேட்டார்:
"எவ்வளவு இறக்கணும், தவோங்கா?"

மூன்றில் ஒரு பங்கு, என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
கையிருப்பு டாலர் பதினேழு நாளைக்கு வரும்.
டீசல் வரிசை விமான நிலையச் சாலைவரை நின்றது.

அறிவிப்பு திங்கள் காலை ஒன்பதுக்கு.
அதுவரை தெரிந்தவர்கள் நால்வர்.
நான்காமவர், தட்டச்சு செய்த திருமதி கயிரா,
எந்திரத்தின் நாடாவையும் கழற்றிச் சுருட்டித்
தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று இரவு தம்பி லுசுங்கு வந்தான்.
நகக்கண்ணில் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.
மினிபஸ்ஸை மதியம் விற்றுவிட்டானாம்.
ரொக்கம் பிளாஸ்டிக் பையில், என் சாப்பாட்டு மேசைமேல்,
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.
தார் எஸ் சலாம் துறைமுகத்தில் இன்னும் நல்ல வண்டி ஒன்று நிற்கிறது.
செவ்வாயன்று டாலராகக் கட்ட வேண்டும்.
"அக்கா, அதுக்குள்ள நம்ம பணத்துக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
மதியம்தான் அமைச்சருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்:
'மாற்று விகிதத்தில் மாற்றம் எதுவும் பரிசீலனையில் இல்லை.'
அதைத் தும்புகாவில் சொன்னேன்.
வீட்டு மொழியில் சொன்னால்
பொய்யும் கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருக்கிறது.
அவன் சீமாவை உருட்டிக் கீரையில் தொட்டு
இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை சந்தை.
அபிட்டி சைதியின் தக்காளிக் குவியல்
எப்போதும் ஆறு பழம்.
அன்று நாலு.
விலை அதே.
"ஏன்?" என்றேன்.
"டீசல்காரன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள்.

என் மூன்றாம் இணைப்பில்
நான்கு தசம இடங்கள்வரை போட்ட கணக்கை
அவள் இரண்டு பழத்தை எடுத்து முடித்திருந்தாள்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது.
தெரியாதவன் ஒருவன்.
என்னிடம் கேட்டவன்.

செவ்வாயன்று அவன் பையில்
மூன்றில் இரண்டு பங்கு வண்டி இருந்தது.
மூன்றில் இரண்டு பங்கு வண்டி
எந்தச் சாலையிலும் ஓடாது.

முடிவு சரியானதுதான். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.
ஒரு மாதத்தில் டீசல் வரிசை கரைந்தது,
புகையிலை விலைபோனது,
வாஷிங்டனிலிருந்து வந்தவர்கள் கைகுலுக்கினார்கள்.
அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில்
'குறுகிய காலப் பாதிப்பு: மிதமானது' என்றிருக்கும்.
முதலில் 'கணிசமானது' என்று எழுதி
நானேதான் அடித்தேன்.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகக் காரை ஒப்படைத்துவிட்டு
முதல் தடவையாக மினிபஸ்ஸில் ஏறினேன்.
யாருடைய வண்டியோ.
ஓட்டுகிற கை லுசுங்குவுடையது.
கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான்.
கட்டணம் வாங்கவா வேண்டாமா என்று
நடத்துநர் பையன் தயங்கியபோது
சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:
"வாங்கிக்கோ.
மீதியைச் சரியாக் கொடு. எண்ணிக் கொடு."

பையன் எண்ணினான்.